18 வயதான மகனுக்குக் காப்பாளர் சான்று

அம்மா, அறிவுசார் குறைபாடுள்ள மகனுக்கு 18 முடிந்ததும் வங்கி கணக்கை நிறுத்திவிட்டு, கோர்ட் உத்தரவு கேட்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வக்கீலாக நான் அதிகம் பார்ப்பது இந்த மாதிரி விஷயங்கள்தான். கோர்ட் வேண்டாம்.

18 ஆனதும் பெற்றோர் தானாகக் காப்பாளர் ஆக முடியாது, அது உண்மை. ஆனால் 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழுவே சட்டப்பூர்வக் காப்பாளரை நியமிக்கலாம். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் இவற்றுக்கு மட்டும்; மனநோய்க்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். ஊனச் சான்று, வயதுச் சான்று, முகவரிச் சான்று கையில் இருக்கட்டும். அந்தக் குழு தரும் சான்றிதழை ஏற்கும்படி ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. மேலாளர் மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். பாதிப் பேர் அங்கேயே இறங்கி வந்துவிடுவார்கள்!

அப்புறம் ஒன்று: நியமனமான ஆறு மாதத்துக்குள் மகனின் சொத்துப் பட்டியலைத் தர வேண்டும், பிறகு வருடாவருடம் கணக்கும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வக்கீல் தேவைப்பட்டால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மாற்றுத்திறனாளிகளுக்கு இலவசம். வருமான வரம்பு பார்க்க மாட்டார்கள்.