பூட்டு இறுகினால் ஜன்னலையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: நாங்கள் நுவரெலியாவுக்குப் பக்கத்திலுள்ள நானுஓயாவில் இருக்கிறோம். மேல் மாடியில் இரண்டு அறைகளை ஏப்ரல் சீசனுக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். குளிருக்காக ஆறு வருடத்துக்கு முன் இரட்டைக் கண்ணாடி போட்ட யு.பி.வி.சி கதவும் ஜன்னல்களும் வைத்தோம். இப்போது பல்கனிக் கதவின் கைப்பிடியை மேலே தூக்கினால் பாதியில் நின்றுவிடுகிறது. விடியற்காலையில் சாவி சுற்றுவதே இல்லை. தேங்காய் எண்ணெய் விட்டும் பயனில்லை. ஓர் அறையில் ஜன்னல் கைப்பிடி சும்மா சுற்றுகிறது. இன்னொரு ஜன்னல் மூலையில் பொருந்தாமல் காற்று வருகிறது. அதன் கண்ணாடிக்கு உள்ளே புகை படிந்த மாதிரி இருக்கிறது. வேலை செய்து தந்தவர்கள் எல்லாவற்றையும் சட்டத்தோடு கழற்றிப் புதிதாகப் போட வேண்டும் என்கிறார்கள். அப்படித்தானா?

பதில்: இல்லை, சகோதரி. நீங்கள் சொல்லியிருக்கும் குறைகளில் ஒன்றுக்குக்கூட சட்டத்தைக் கழற்ற வேண்டியதில்லை. யு.பி.வி.சி என்பது கெட்டியான பிளாஸ்டிக். அந்தச் சட்டம் ஆறு வருடத்தில் கெட்டுப்போகிற சாமான் அல்ல. தேய்வதும் உடைவதும் அதில் மாட்டியிருக்கும் உலோகச் சாமான்கள்தான்: பூட்டு, கைப்பிடி, பிணைச்சல். அவை எல்லாம் ஸ்க்ரூவில் நிற்பவை. கழற்றினால் கையோடு வந்துவிடும், அதே அளவில் வேறொன்று வாங்கிப் போடலாம். எது பழுது என்று சரியாகப் பிடிப்பதுதான் உண்மையான வேலை. அதற்கு முன் யாருக்கும் முற்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

பல்கனிக் கதவிலிருந்து தொடங்குவோம். கதவை அகலத் திறந்து, திறந்த நிலையிலேயே கைப்பிடியை மேலே தூக்கிச் சாவியைச் சுற்றிப் பாருங்கள். கதவின் ஓரத்தில் கொக்கிகளும் ரோலர்களும் வெளியே வருவது தெரியும். (பார்த்து முடிந்ததும் அவற்றைத் திரும்ப உள்ளே இழுத்துவிட்டுத்தான் கதவைச் சாத்த வேண்டும். மறந்து சாத்தினால் கொக்கி சட்டத்தில் மோதி உடையும்.) திறந்திருக்கும்போது எல்லாம் இலகுவாக ஓடி, சாத்தியபின் மட்டும் இறுகினால் உங்கள் பூட்டில் ஒரு குறையும் இல்லை. கதவு இறங்கிவிட்டது. கொக்கி போய் விழ வேண்டிய தகடு ஓரிடத்திலும் கொக்கி வேறிடத்திலும் நிற்கின்றன, அவ்வளவுதான். பூட்டுப் பழுது என்று சொல்லப்படும் கதவுகளில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உங்களுடையதும் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

விடியற்காலையில் மட்டும் ஏன்? கதவு மழைக்கு ஊதிவிட்டது என்று பக்கத்து வீட்டார் சொல்லியிருப்பார்கள். பலகைக் கதவு ஊதும், யு.பி.வி.சி தண்ணீரை உறிஞ்சாது. ஆனால் சூட்டுக்கும் குளிருக்கும் அது நீண்டு சுருங்கும். வெப்பம் 10 பாகை மாறினால் 2 மீட்டர் உயரக் கதவு ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் மாறும். மலையகத்தில் பனிக்கால இரவுக்கும், வெயில் நேரே விழும் நண்பகலுக்கும் இடையில் இதைவிடப் பெரிய வித்தியாசம் வரும். அதோடு கதவின் வெளிமுகம் குளிர்ந்தும் உள்முகம் அறைச் சூட்டிலும் இருக்கும்போது அது லேசாக வளையும். நேராக நிற்கும் கதவுக்கு இந்த ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஒரு பொருட்டே இல்லை. ஏற்கெனவே இறங்கிப் போன கதவில்தான் அது சாவியைப் பிடித்துக்கொள்கிறது.

கதவு எங்கே உரசுகிறது என்று கண்டுபிடிக்கப் பிள்ளைகளின் கலர் சோக் போதும். கொக்கிகளிலும் ரோலர்களிலும் பூசி, கதவைச் சாத்தி, முடிந்தவரை கைப்பிடியைத் தூக்கிவிட்டு, திரும்ப இறக்கிக் கதவைத் திறவுங்கள். எதிர்ச் சட்டத்திலுள்ள தகட்டில் சோக் பட்ட இடம் சொல்லிவிடும். பிறகு கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பாருங்கள். பூட்டுப் பக்க மூலையில், கதவின் தலைக்கு மேலுள்ள இடைவெளி அகன்று, அடியிலுள்ள இடைவெளி ஒடுங்கியிருந்தால் கதவு பிணைச்சலிலிருந்து தொங்குகிறது.

பிணைச்சலின் மேல் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் அலன் கீ (அறுகோண முனைச் சாவி) போடும் துளைகள் இருக்கும். ஒன்று கதவை மேலும் கீழும் நகர்த்தும், இன்னொன்று பக்கவாட்டில். கதவின் அடியில் மர ஆப்பு வைத்துப் பாரத்தைத் தாங்கிக்கொண்டு, ஒரு தடவைக்கு அரைச் சுற்றுக்கு மேல் போகாமல், எல்லாப் பிணைச்சல்களையும் ஒரே அளவாகத் திருப்ப வேண்டும். ஒன்றை மட்டும் முறுக்கினால் முழுப் பாரமும் அதில் ஏறி அதன் ஸ்க்ரூ பிடுங்கிக்கொள்ளும். அரைச் சுற்று, சாத்திப் பார்ப்பது, மறுபடி அரைச் சுற்று: பொறுமையாகச் செய்தால் இது வீட்டிலேயே முடிகிற வேலை.

பிணைச்சலில் திருப்ப இடமில்லாமல் போனால் குறை கண்ணாடியை நிறுத்திய விதத்தில் இருக்கிறது. கதவின் நான்கு மூலையையும் நேராகப் பிடித்து வைத்திருப்பது கண்ணாடிதான். பிணைச்சல் பக்கக் கீழ் மூலையிலும், அதற்குக் குறுக்கே பூட்டுப் பக்க மேல் மூலையிலும் கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் இடையில் சின்னப் பிளாஸ்டிக் கட்டைகளைச் செருகி இறுக்கியிருக்க வேண்டும். அவசர வேலையில் பலர் இதை விட்டுவிடுவார்கள், அல்லது ஏனோதானோ என்று செருகுவார்கள். கண்ணாடியைச் சுற்றிப் பிடித்திருக்கும் பீடிங் பட்டியைக் கழற்றிக் கட்டைகளைச் சரியாக வைத்தால் இறங்கிய கதவு கண்ணெதிரே எழும்பும். ஆனால் இதற்குப் பழகிய பாஸ் ஒருவரைக் கூப்பிடுங்கள். 4 மில்லிமீட்டர் கண்ணாடி இரண்டு சேர்ந்தால் ஒரு சதுர மீட்டருக்கு 20 கிலோ. தனியாள் தூக்கக்கூடாது.

இவை சரியாகும்வரை கைப்பிடியைப் பலமாக இழுத்துத் தூக்காதீர்கள், வாடகைக்கு வருகிறவர்களிடமும் சொல்லி வையுங்கள். கைப்பிடியின் அசைவைக் கொக்கிகளுக்குக் கொண்டுபோகும் கியர் பொக்ஸ் உள்ளே இருக்கிறது, அது மெல்லிய வார்ப்பு உலோகம். இறங்கிய கதவில் பலவந்தமாகத் தூக்கித் தூக்கித்தான் அது வெடிக்கிறது. பூட்டும்போது ஒரு கையால் கதவையே சற்று மேலே தாங்கிக்கொண்டால் கொக்கி விழும்.

இதோடு சேர்த்து ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். சரிசெய்த கதவு சில வாரத்தில் மறுபடி இறுகினால், அல்லது வீட்டில் பல கதவு ஜன்னல்கள் ஒரே காலத்தில் இறுகினால், அலன் கீயை வைத்துவிட்டுச் சுவரைப் பாருங்கள். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் புது வெடிப்பு, தரைக்கும் சுவருக்கும் இடையில் பிளவு, மண்மேட்டில் சரிவு, சாய்ந்த மரமோ மின்கம்பமோ, திடீரென்று கலங்கலாகக் கசியும் நீர். கதவு இறுகுவதோடு இவற்றில் ஏதாவது இருந்தால் நகர்வது கதவு அல்ல, வீடு நிற்கும் நிலம். 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தயில் நடந்த மண்சரிவை நம் சனங்கள் யாரும் மறக்கவில்லை. கிராம உத்தியோகத்தரிடம் சொல்லி, மண்சரிவு ஆபத்தை ஆராயும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அறிவியுங்கள். மழை கொட்டும் நாளானால் வீட்டைவிட்டு முதலில் வெளியேறி, பிறகு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அழையுங்கள்.

இனித் திறந்து வைத்துப் பார்த்தபோதும் பூட்டு இறுகினால் என்ன செய்வது? சாவி போடும் உருளையான சிலிண்டரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். கதவின் ஓரத்தில், சாவித் துவாரத்தின் மட்டத்தில் ஒரு நீள ஸ்க்ரூ இருக்கும். அதை எடுத்துவிட்டு, சாவியைப் போட்டு மிகச் சிறிதளவு திருப்பினால் உள்ளிருக்கும் நாக்கு உடலோடு ஒன்றும். அந்த நிலையில் இழுத்தால் சிலிண்டர் வந்துவிடும். கையில் வைத்துச் சாவியைச் சுற்றுங்கள். கையிலும் இறுகினால் பழுது சிலிண்டரில், கையில் இலகுவாகச் சுற்றினால் கியர் பொக்ஸில். புது சிலிண்டருக்கு நடு ஸ்க்ரூத் துளையிலிருந்து இரு முனைக்கும் தனித்தனியாக அளவெடுங்கள். இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்பதில்லை. வெளிப்பக்கம் கைப்பிடித் தகட்டைத் தாண்டி 3 மில்லிமீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டியிருந்தால் திருடன் குறட்டால் பிடித்து முறித்துவிடுவான்.

தேங்காய் எண்ணெய் விட்டதாக எழுதியிருக்கிறீர்கள். மலைநாட்டில் தயவுசெய்து அதை எந்தப் பூட்டிலும் விடாதீர்கள். 24 பாகைக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறையும். உங்கள் குசினிப் போத்தலில் காலையில் வெள்ளையாகக் கட்டியாகி நிற்பதுதான் பூட்டுக்குள்ளும் நிற்கிறது, தூசியையும் சேர்த்துக்கொண்டு. கொழும்பில் எண்ணெயாக ஓடுவது நானுஓயாவில் மெழுகாகிவிடும். விடியலில் சாவி சுற்றாததற்கு அதுவும் ஒரு பங்கு காரணமாக இருக்கலாம். சிலிண்டரைக் கழற்றியிருக்கும்போதே டபிள்யூ.டி.40 அடித்து அந்தப் பிசினைக் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். அது கழுவத்தான் நல்லது, எண்ணெயின் வேலையை நீண்ட நாள் செய்யாது. காய்ந்தபின் சிலிண்டருக்குள் கிராஃபைட் தூள் மட்டும் போடுங்கள், பென்சில் முனையைச் சுரண்டிய தூள்கூடப் போதும். கொக்கி, ரோலர், நீளத் தண்டு ஆகியவற்றுக்குத் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு மூன்று சொட்டு. வருடத்துக்கு இரண்டு முறை, மே மாத மழைக்கு முன்பும் டிசம்பர் குளிருக்கு முன்பும் செய்தால் போதும்.

சும்மா சுற்றும் ஜன்னல் கைப்பிடி சின்ன வேலை. கைப்பிடியைக் கிடையாகத் திருப்பினாலோ சிறு மூடியை நகர்த்தினாலோ இரண்டு ஸ்க்ரூ தெரியும். கழற்றி, பின்னாலிருக்கும் சதுரத் தண்டைப் பாருங்கள். அது தேய்ந்தோ முறிந்தோ இருந்தால் கைப்பிடியை மட்டும் மாற்றினால் போதும். தண்டு நன்றாக இருந்தால் அதே தடிப்பான சதுரக் கம்பியை ஜன்னலின் துளைக்குள் விட்டுத் திருப்புங்கள். ஓரத்திலுள்ள நீளத் தண்டு நகராவிட்டால் உள்ளேயிருக்கும் கியர் போய்விட்டது. ஐரோப்பிய அளவுக் கைப்பிடிகளில் சதுரத் தண்டு 7 மில்லிமீட்டர், இரண்டு ஸ்க்ரூவுக்கும் நடுத்தூரம் 43 மில்லிமீட்டர். தண்டு நீட்டியிருக்கும் நீளம்தான் கைப்பிடிக்குக் கைப்பிடி மாறும். அதனால் பழையதைக் கையோடு ஹார்ட்வெயார் கடைக்குக் கொண்டுபோங்கள், போன் படத்தை நம்பி வாங்காதீர்கள்.

கைப்பிடி போன ஜன்னலை ஸ்க்ரூ அடித்து நிரந்தரமாக மூடிவிடும் வழக்கம் நம் பக்கம் உண்டு. படுக்கை அறையில் அதை ஒருபோதும் செய்யாதீர்கள். தீப்பிடித்தால் வெளியேற அந்த ஒரு வழிதான் இருக்கும். குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் வைக்கும் பழக்கமும் இங்கே இருக்கிறது. ரப்பர் வைத்து இறுக மூடும் இந்த ஜன்னல்களுக்குள் அது உயிரை எடுக்கும், அதன் வாயுவுக்கு மணமும் இல்லை. உங்கள் வாடகை அறைகளில் அதை அனுமதிக்கவே வேண்டாம்.

மூலையில் பொருந்தாத ஜன்னலுக்கு வருகிறேன். ஜன்னலைத் தாங்கும் பிணைச்சல் கதவுப் பிணைச்சல் மாதிரி இல்லை. தண்டவாளம் போன்ற தகட்டில் ஒரு கட்டை ஓட, கைகள் விரிந்து மடங்கும். முதலில் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் அந்தத் தகட்டைத் துப்புரவாக்குங்கள். மழைக்கால இரவுகளில் விளக்குக்கு வந்து செத்த பூச்சிகளும் மண்ணும் சேர்ந்து கட்டை ஓடும் வழியை அடைத்துவிடுகின்றன. ஓடும் கட்டையில் எண்ணெய் பூசாதீர்கள். அந்த உராய்வுதான் காற்றில் ஜன்னலைப் பிடித்து நிறுத்துகிறது. கைகள் மடங்கும் மூட்டுகளுக்கு மட்டும் ஒரு சொட்டு. ஜன்னல் காற்றுக்கு அடித்துக்கொண்டால் கட்டையிலுள்ள சிறு ஸ்க்ரூவைக் கால் சுற்று இறுக்கலாம்.

பிணைச்சலின் கை வளைந்திருந்தாலோ துருப்பிடித்திருந்தாலோ மாற்றத்தான் வேண்டும், இரண்டையும் ஜோடியாக. தகட்டின் நீளத்தோடு மடித்து வைத்த தடிப்பையும் அளந்துகொள்ளுங்கள். 13, 17 மில்லிமீட்டர் என்று இரண்டு வகை விற்கிறது, மாற்றிப் போட்டால் ஜன்னல் சாத்தாது. மேல் விளிம்பிலிருந்து தொங்கித் திறக்கும் ஜன்னலுக்கும் பக்கவாட்டில் திறப்பதற்கும் பிணைச்சல் வேறு வேறு. மூடுபனி சுவரில் ஊறும் ஊருக்கு 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் வேண்டும். ஒரு காந்தத்தை எடுத்துப் போங்கள். 304 என்றால் காந்தம் ஒட்டாது, அல்லது மிக லேசாகத்தான் இழுக்கும். சட்டென்று ஒட்டிக்கொண்டால் அது மலிவுத் தரம். ஸ்க்ரூவும் ஸ்டெயின்லெஸ்ஸாகவே இருக்கட்டும். பழைய துளையில் ஸ்க்ரூ பிடிக்காவிட்டால் ஒரு அளவு தடித்ததைப் போடுங்கள்.

கடைசியாக அந்தப் புகை. இரண்டு கண்ணாடிக்கு நடுவில் ஈரம் புகுந்துவிட்டது, துடைத்துத் தீராது. ஆனால் பீடிங்கைக் கழற்றி அந்தக் கண்ணாடித் தொகுதியை மட்டும் மாற்றலாம், சட்டம் அப்படியே இருக்கும். இங்கே மலையகத்துக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. கொழும்பில் கடல் மட்டத்தில் காற்றை அடைத்து மூடிய கண்ணாடியை நுவரெலியா உயரத்துக்கு, அதாவது 1,850 மீட்டருக்கு மேலே கொண்டுவந்தால், வெளிக்காற்றின் அழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். உள்ளே அடைபட்ட காற்று கண்ணாடிகளை வெளியே தள்ளும், அவை உப்பும். ஓரத்தில் ஒட்டிய பசை ஓயாமல் இழுபடும், ஒருநாள் விட்டுக்கொடுக்கும். நானுஓயா அதைவிடச் சற்றுத் தாழ்ந்தாலும் சங்கதி இதேதான். வெளியே நின்று கண்ணாடியில் தெரியும் மரங்களின் பிம்பத்தைப் பாருங்கள். கோணலாக வளைந்து தெரிந்தால் கண்ணாடி உப்பியிருக்கிறது.

புதியதற்குச் சொல்லும்போது அகலம், உயரம், தடிப்பு ஆகியவற்றோடு ஊரின் உயரத்தையும் எழுதிக் கொடுங்கள். உயர இடத்துக்கென்று சொன்னால் அழுத்தத்தைச் சமப்படுத்த மெல்லிய குழாய் வைத்துச் செய்ய முடியும். மேலே கொண்டுவந்து ஓரிரு நாள் வைத்தபின், செய்தவர்கள் சொல்கிற முறையில் அதை மூடிவிட்டுப் பொருத்துவார்கள். இந்தக் கேள்வியைக் கேட்டதும் விளங்காமல் விழிக்கிற கடையில் ஓடர் கொடுக்காதீர்கள்.