69வது தேசியத் திரைப்பட விருதுகளில் யாருக்குக் கிடைத்ததில் உங்களுக்கு மகிழ்ச்சி, யாருக்குக் கிடைக்காததில் வருத்தம்?

கேள்வியைப் பார்த்தாலே தெரிகிறது, ஜெய் பீமுக்கு ஒன்றும் தரவில்லை என்ற ஆத்திரத்தில் இருக்கிறீர்கள். அதற்கு அப்புறம் வருகிறேன். என் பதில் நல்லாண்டி.

'கடைசி விவசாயி' படத்தில் மாயாண்டியாக வந்த பெரியவர். அந்தப் படம் சிறந்த தமிழ்ப் படமானது எல்லாருக்கும் தெரியும். அதே பட்டியலில் ஸ்பெஷல் மென்ஷன் என்று ஒரு ஓரத்தில் அவர் பெயரும் இருந்தது, முன்னால் 'மறைந்த' என்ற சொல்லோடு. பதக்கம், பணம் எதுவும் கிடையாது. வெறும் சான்றிதழ்.

அறிவிப்பு வந்தது 2023 ஆகஸ்ட் 24. முந்தின நாள்தான் சந்திரயான்-3 நிலவில் இறங்கியிருந்தது. அறிவிப்பு வந்த அன்று சாயங்காலம் ஆபீஸில் பாதிப் பேர் வேலை பார்க்கவில்லை, செஸ் உலகக் கோப்பை இறுதியில் பிரக்ஞானந்தா கார்ல்சனோடு டைபிரேக்கர் ஆடிக்கொண்டிருந்தான். இடையில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் சித்தப்பா மகன் "மணிகண்டனுக்கு நேஷனல் அவார்டு" என்று போட்டான். அத்தை உடனே "ராஜாக்கண்ணுவா வாழ்ந்திருந்தானே, கிடைக்க வேண்டியதுதான்" என்று எழுதிவிட்டார். அது ஜெய் பீமில் நடித்த மணிகண்டன் அத்தை, இது கடைசி விவசாயி எடுத்த மணிகண்டன், உசிலம்பட்டிக்காரர் என்று விளக்குவதற்குள் பத்து வாழ்த்து ஸ்டிக்கர் வந்துவிட்டது.

நல்லாண்டி பெயரைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது. ஏன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். காரணம் மயில்.

எங்களுக்கு மணப்பாறைப் பக்கம் இரண்டு ஏக்கர், மானாவாரி. அப்பா கடலை போடுவார். விராலிமலை பக்கத்தில்தான், மயிலுக்குப் பஞ்சமில்லை. விதைத்த மறுநாளே வரிசை பிடித்து வந்து கிளறும். பழைய சேலையெல்லாம் சுற்றிக் கட்டிப் பார்த்தாயிற்று, பளபளப்பு ரிப்பன் கட்டிப் பார்த்தாயிற்று. கடைசியில் தகர டின்னும் குச்சியும்தான் நிலைத்தது.

2019இல் ஒருநாள் எங்கள் வரப்பில் ஒரு மயில் செத்துக் கிடந்தது. அப்பா அதைத் தொடக்கூட இல்லை, நேராகப் போய்த் தகவல் சொன்னார். நல்லது செய்ததற்குக் கூலி, அரை நாள் ஒரு அலுவலக வாசல் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். விதைநேர்த்திக்கு என்ன மருந்து கலந்தாய், எங்கே வாங்கினாய், பில் இருக்கிறதா என்று ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். அப்பாவுக்குக் காது மந்தம். பதில் சொல்லத் தாமதமானால் மழுப்புகிறார் என்று நினைத்தார்கள். கேஸ் ஒன்றும் ஆகவில்லை, விட்டுவிட்டார்கள். ஆனால் அன்றிலிருந்து மயிலைக் கண்டால் "முருகா" என்பார். பக்தியில் இல்லை.

(மயிலைக் கொல்லச் சொல்கிறாயா என்று கருத்தில் வந்து நிற்காதீர்கள். தேசியப் பறவை, 1972 வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டது, எல்லாம் எனக்கும் தெரியும். தின்ற கடலைக்கு யார் பொறுப்பு என்றுதான் கேட்கிறேன். மூன்று முறை மனு கொடுத்தோம். மூன்றாவது முறை, மயில் தின்னும்போது போட்டோ எடுத்து வரச் சொன்னார்கள். அப்பாவிடம் இருப்பது பட்டன் போன்.)

இப்போது படத்துக்கு வாருங்கள். குலதெய்வத்துக்குப் படைக்க நெல் போட்ட கிழவர் மேல், செத்துக் கிடந்த மயிலைப் புதைத்ததற்குக் கேஸ். அவர் உள்ளே இருக்கிறார், வெளியே பயிர் காய்கிறது. 2022 பிப்ரவரியில் படம் வந்ததும் அப்பாவைத் திருச்சிக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். தியேட்டரில் எங்களையும் சேர்த்துப் பதினைந்து பேர் இருந்தால் அதிகம். காது கேட்காதவர்களுக்குத் தாங்கள் சத்தமாகப் பேசுவது தெரியாது அல்லவா, படம் முழுக்க அப்பா பேசிக்கொண்டே இருந்தார். பயிருக்கு யார் தண்ணி பாய்ச்சுவது என்று மாயாண்டி மாஜிஸ்திரேட்டிடம் கேட்கும் இடத்தில் "அதானே!" என்று ஒரு அதட்டல். முன்வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார், பிறகு அவரும் சிரித்துவிட்டார்.

வெளியே வந்து டீ குடிக்கும்போது அப்பா சொன்னது ஒன்றுதான்: "அந்தாளு நடிக்கல, நட்டிருக்காரு." ரைமிங்குக்காகச் சொல்லவில்லை. நாற்றைப் பிடிக்கிற விரலைப் பார்த்துச் சொன்னார்.

சரி, ஜெய் பீம். எனக்கும் வருத்தம்தான். செங்கேணியாக வந்த லிஜோமோல் ஜோஸுக்காவது கொடுத்திருக்கலாம் என்று இன்றைக்கும் சொல்வேன். தெலுங்கு நடிகர் நானியே மனசு உடைந்த மாதிரி ஒரு பதிவு போட்டார், நமக்கு இருக்காதா? சிறந்த நடிகர் விருது புஷ்பாவுக்காக அல்லு அர்ஜுனுக்குப் போனது. தெலுங்கிலிருந்து அந்த விருதை வாங்கிய முதல் ஆள் அவர், வாங்கட்டும், அவரோடு எனக்கென்ன சண்டை. ஆனால் அந்தக் கோபத்தில் சிலர் "2022இல் வந்த கடைசி விவசாயிக்கு 2021 விருது எப்படி" என்று கிளம்பினார்கள் பாருங்கள், அதுதான் பொறுக்கவில்லை. 69வது விருது 2021 படங்களுக்குத்தான், ஆனால் தேசிய விருதுக்கு ரிலீஸ் தேதி கணக்கில்லை, சென்சார் சான்றிதழ் தேதிதான் கணக்கு. இல்லாதவனுக்குக் கிடைத்ததைப் பிடுங்கி இன்னொரு இல்லாதவனுக்குக் கொடுக்கச் சொல்வது என்ன நியாயம்?

அன்று ஆறு மணி வாக்கில் அப்பாவுக்குப் போன் போட்டேன். ஆடிப்பட்டக் கடலை, காட்டில்தான் இருந்தார். பின்னால் மயில் அகவுவது எனக்கே கேட்டது. கத்திக் கத்தித்தான் விஷயத்தைச் சொன்னேன்.

"மாயாண்டிக்கா? ஆளு இருக்காரா?"

"இல்லப்பா. படம் வர்றதுக்கு முன்னாடியே போயிட்டாரு."

கொஞ்ச நேரம் டின் சத்தம் மட்டும் கேட்டது.

"அந்தச் செஸ் பையன் என்னடா ஆனான்?"

"தோத்துட்டான்பா."

"வயசு என்ன அவனுக்கு?"

"பதினெட்டு."

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.