கடைசி 200 மீட்டரில் தோள் ஏறுகிறதே! – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 800 மீட்டர் ஓட்டத்தில் என்னுடைய சிறந்த நேரம் 2 நிமிடம் 6 விநாடி. முதல் சுற்றை 58 விநாடியில் முடித்துவிடுகிறேன். இரண்டாம் சுற்றில், அதிலும் கடைசி 200 மீட்டரில், தோள்கள் காதுவரை ஏறிவிடுகின்றன, கழுத்து இறுகுகிறது, கை அசைய மறுக்கிறது. ஓரத்தில் நிற்பவர்கள் ‘கையை லூசா விடு’ என்று கத்துகிறார்கள். எவ்வளவு முயன்றாலும் முடியவில்லை. என்ன பயிற்சி செய்ய வேண்டும்?
– ஒரு மாணவர், கொண்டலாம்பட்டி

பதில்: உங்கள் கடிதத்திலேயே பாதிப் பதில் இருக்கிறது. முதல் சுற்று 58 என்றால் இரண்டாம் சுற்று 68. பத்து விநாடி வித்தியாசம். டேவிட் ருடிஷா 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 1 நிமிடம் 40.91 விநாடியில் உலக சாதனை படைத்தபோது, முதல் சுற்றை 49.28 விநாடியில் கடந்தார். இரண்டாம் சுற்றுக்கு அவருக்குக் கூடுதலாகத் தேவைப்பட்டது இரண்டரை விநாடிக்கும் குறைவே. உங்கள் தோள் ஏறுவதற்கு முதல் காரணம் தோளில் இல்லை, முதல் 200 மீட்டரில் நீங்கள் காட்டும் அவசரத்தில் இருக்கிறது. அடுத்த போட்டியில் முதல் சுற்றை 62 விநாடிக்கு ஓடிப் பாருங்கள். கூட்டத்தில் பின்தங்கியதுபோல் மனம் பதறும். அந்தப் பதற்றத்தைப் பொறுத்துக்கொள்ளப் பழகுவதும் பயிற்சிதான்.

இனி தோளுக்கு வருவோம். இடது கால் முன்னே போகும்போது வலது கை முன்னே போவது அழகுக்காக அல்ல. கால்கள் இடுப்பைத் திருப்பும் திருப்பத்தைக் கைகள் எதிர்த்திசையில் ஈடுசெய்கின்றன. தோள் பூட்டிக்கொண்டால் அந்த வேலை முதுகின் தலையில் விழுகிறது, நடை குறுகுகிறது. மேலும், மூச்சு வாங்கும்போது விலா எலும்புகளை மேலே தூக்கக் கழுத்துத் தசைகளும் துணைக்கு வருவதால், களைப்பில் தோள் சற்று ஏறுவது இயல்பே. ஏறியது இறங்காமல் அங்கேயே நின்றுவிடுவதுதான் கோளாறு. மூச்சை முழுவதுமாக வெளியே விட்டால் தோள் தானாக இறங்குவதை, நின்ற இடத்தில் இப்போதே நீங்கள் சோதித்துப் பார்க்கலாம். ஆகவே ‘லூசா விடு’ என்ற கட்டளைக்குப் பதிலாக ‘மூச்சை ஊதி விடு’ என்று யாராவது கத்தினால் உங்களுக்கு உதவியாக இருக்கும்.

இறுக்கம் பெரும்பாலும் விரலில்தான் முதலில் தென்படும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை, காந்தி ஸ்டேடியத்தில் ஒரு பையனின் இரண்டு கைகளிலும் பொரித்த அப்பளத்தின் துண்டு ஒவ்வொன்றைக் கொடுத்து, உடையாமல் 150 மீட்டர் வேகமாக ஓடி வரச் சொன்னேன். திரும்பி வந்தபோது இடது கையில் அப்பளம் முழுதாக இருந்தது. வலது உள்ளங்கையில் தூளும் எண்ணெய்ப் பிசுக்கும் மட்டுமே ஒட்டியிருந்தன. தன் வலப்பக்கம் மட்டும் இறுகுகிறது என்பது அதுவரை அவனுக்கே தெரியாது. நீங்களும் ஒருமுறை செய்து பாருங்கள். கட்டைவிரல் சுட்டுவிரலின் பக்கவாட்டில் மெல்லப் படிந்திருக்க வேண்டும், முஷ்டி கூடாது. அதற்காக விரல்களைத் துணிபோல் தொங்கவிடுவதும் தவறு, மணிக்கட்டு ஆடத் தொடங்கிவிடும்.

முழங்கையை ஏறத்தாழ 90 பாகை மடக்கி, தோளிலிருந்து பின்னோக்கித் தள்ளுங்கள். முன்னே வருவது தானாக நடக்கும். வாரம் இருமுறை, மெதுவோட்டம் முடிந்த பிறகு, 100 மீட்டர் தூரத்தை உங்கள் 800 மீட்டர் வேகத்தில் ஆறு முறை ஓடி, ஒவ்வொரு முறையும் நடந்தே திரும்புங்கள். அந்த ஆறிலும் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: தாடை. பல்லைக் கடித்துக்கொண்டு தோளைத் தளர்த்த முடிந்த ஓட்டக்காரரை நான் பார்த்ததில்லை. மெதுவோட்டத்தின்போதும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தை அடையாளம் வைத்து, அங்கே வரும்போதெல்லாம் தாடை, தோள், விரல் என வரிசையாக ஒருமுறை சரிபாருங்கள். களைப்பில்லாத நேரத்தில் பழகாத தளர்ச்சி, 600 மீட்டருக்குப் பிறகு ஆணையிட்டால் வராது.

எமில் ஸாட்டோபெக் முகத்தைச் சுளித்து, தோளை முறுக்கி ஓடியே 1952 ஹெல்சிங்கியில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றையும் வென்றாரே என்று உங்கள் நண்பர்கள் வாதிடக்கூடும். உண்மைதான். அவருடைய கால்களும் கடும் பயிற்சியும் அந்தத் தோளையும் சேர்த்துச் சுமந்தன. அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அவருடைய உழைப்பை.

கேள்வி: ஏற்காட்டில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். 1,500 மீட்டர் ஓடும் என் மாணவர்கள் காப்பித் தோட்டச் சரிவுகளில் பயிற்சி செய்கிறார்கள். இறக்கத்தில் கைகளை விரித்து, தோளைக் குறுக்கி ஓடுகிறார்கள். சேலத்தில் சமதள மைதானத்திலும் அதே பழக்கம் தொடர்கிறது. எப்படித் திருத்துவது?
– ஓர் ஆசிரியர், ஏற்காடு

பதில்: இறக்கத்தில் கை விரிவது சமநிலைக்காக, அதை அங்கே திருத்த முயலாதீர்கள். காலடியைக் குறுக்கச் சொல்லுங்கள், பாதத்தைப் பார்க்காமல் பத்துப் பதினைந்து அடி முன்னே பார்க்கச் சொல்லுங்கள். நீட்டிய காலைக் குதிகாலில் ஊன்றி உடலுக்கு பிரேக் போடும்போது அந்த அதிர்ச்சி தோள்வரை ஏறுகிறது. காலடி குறுகினால் கை தானாக அடங்கும்.

நடையைத் திருத்த உகந்த இடம் ஏற்றமே. மிதமான ஏற்றத்தில் 60 முதல் 80 மீட்டர் ஓடவிட்டால், முழங்கை பின்னே போகாமல் உடல் மேலேறாது என்பதை மாணவர்களே உணர்ந்துகொள்வார்கள். இடுப்பில் மடிந்து குனியாமல், கணுக்காலிலிருந்து முழு உடலும் சற்றே முன்சாய வேண்டும் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏறி முடித்ததும், சமதளத்தில் உடனே 100 மீட்டர் ஓடச் சொல்லுங்கள்; ஏற்றத்தில் பழகிய கை அங்கும் தொடரும். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் குறைவென்பதால் அங்கே மூச்சு விரைவாகவே வாங்கும், அதனால் தோளும் சீக்கிரம் ஏறும். சேலத்து வேகத்தை அங்கே எதிர்பார்க்க வேண்டாம். பனிமூட்டக் காலைகளில் குளிருக்கே விரல்கள் முஷ்டியாகிவிடும், எனவே கையுறை அவசியம். 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைப்பாதையில் மட்டும் மாணவர்களை இறக்கிவிடாதீர்கள். வளைவில் எதிரே வரும் வண்டிக்கு ஓடுபவர் தெரியமாட்டார்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் 800 மீட்டர் ஓடுகிறாள். கைகள் மார்புக்குக் குறுக்கே போகின்றன, கூனிக்கொண்டு ஓடுகிறாள் என்று மாஸ்டர் தினமும் திட்டுகிறார். வீட்டில் எடுத்துச் சொன்னாலும் அவள் மாறவில்லை.
– ஒரு தாய், அம்மாபேட்டை

பதில்: கைகள் மார்பின் நடுக்கோட்டை நோக்கிச் சற்று வருவது குற்றமில்லை, அதைக் கடந்து மறுபக்கம் போனால்தான் உடல் முறுகும். ஆனால் அம்மா, அவள் கூனுவதற்கு வேறொரு காரணம் இருக்கக்கூடும். இந்த வயதில் பல பெண் பிள்ளைகள் மைதானத்தில் தங்களைப் பிறர் பார்ப்பதை நினைத்துக் கூச்சத்தில் தோளைக் குறுக்கிக்கொள்கிறார்கள். ஓட்டத்துக்கென உள்ள, அளவு சரியான ஸ்போர்ட்ஸ் பிரா அணியாவிட்டால் அசைவின் வலியும் சேர்ந்துகொள்ளும். அப்போது கை குறுக்கே போவது ஒரு தற்காப்பு. அவளைத் தனியே அழைத்து, திருத்தும் குரலில் அல்லாமல், ஓடும்போது எங்கே சிரமமாக இருக்கிறது என்று கேளுங்கள். பொருத்தமான உள்ளாடையும், அவளுக்கு வசதியான தளர்வான டி-ஷர்ட்டும் வாங்கிக் கொடுங்கள். மாஸ்டரிடமும் பக்குவமாகச் சொல்லி, எல்லோர் முன்னிலையிலும் திட்டுவதை நிறுத்தக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு மாதம் சென்ற பிறகும் கை குறுக்கே போனால் எனக்கு மறுபடி எழுதுங்கள். அப்போது பயிற்சியைப் பற்றிப் பேசுவோம்.