மலைவாழையில் விதை எங்கே போனது? மியாசிஸ் கேள்வி பதில்

பழனி மலைப் பள்ளிகளில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். முட்டை, விந்து போன்ற இனச்செல்களை உண்டாக்க, குரோமோசோம் எண்ணிக்கையை இரண்டு பகுப்புகளில் பாதியாக்கும் மியாசிஸ், அதாவது குன்றல் பகுப்பு பற்றி நம் மலைக்காரர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

டீச்சர், முதல் பகுப்பின் தொடக்கக் கட்டமான புரோஃபேஸில் வரும் ஐந்து பெயர்களும் எவ்வளவு படித்தாலும் மறந்துபோகின்றன. (பிளஸ் ஒன் மாணவி, கொடைக்கானல்)

பெயரை அப்புறம் பார்க்கலாம், முதலில் அங்கே நடக்கும் வேலையைப் பிடித்துக்கொள்ளம்மா. தாயிடமிருந்து வந்த குரோமோசோம், தந்தையிடமிருந்து வந்த தன் இணையைத் தேடிச் சேர வேண்டும். லெப்டோட்டீனில் மெல்லிய நூலாகத் தெரியத் தொடங்கும். சைகோட்டீனில் ஜோடி சேரும். பாக்கிட்டீனில் துண்டுகளை மாற்றிக்கொள்ளும். இதுதான் குறுக்கே கலத்தல். டிப்ளோட்டீனில் விலகப் பார்க்கும், ஆனால் மாற்றிக்கொண்ட இடங்களில் மட்டும் பிடி விடாது. அந்தப் பிடிதான் கயாஸ்மா. டயாகைனெசிஸில் நன்றாகச் சுருங்கித் தடித்துவிடும்.

பிறகு மெட்டாஃபேஸில் ஜோடி ஜோடியாக நடுவில் நின்று, அனாஃபேஸில் ஆளுக்கொரு துருவத்துக்குப் போகும். எண்ணிக்கை பாதியாவது இங்கேதான். இரண்டாம் பகுப்பில் என்று எழுதித்தான் பல பிள்ளைகள் மார்க்கை விடுகிறார்கள். இரண்டாம் பகுப்பு கிட்டத்தட்ட மைட்டாசிஸ், அதாவது உடல் செல்கள் பெருகும் சாதாரணப் பகுப்பு மாதிரி. ஒரே குரோமோசோமின் இரண்டு நகல்களான சகோதரி குரோமாட்டிடுகள் பிரிந்து மொத்தம் நான்கு செல்கள் கிடைக்கும்.

எங்கள் மலைவாழையில் விதையே இல்லையே, ஏன் டீச்சர்? (விவசாயி, தாண்டிக்குடி)

அண்ணா, எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. நம் மலைவாழையான விருப்பாச்சிக்கு 33 குரோமோசோம்கள், பதினொன்று பதினொன்றாக மூன்று தொகுதி. இரண்டு தொகுதி முசா அக்குமினேட்டா என்ற காட்டு வாழையினுடையது, ஒன்று முசா பால்பிசியானாவினுடையது. இரண்டு இருந்தால் ஜோடி சேரும், மூன்று இருந்தால்? ஒன்று தனியாக நிற்கும், அல்லது மூன்றும் சிக்கிக்கொள்ளும். பிரியும்போது ஒரு செல்லுக்குக் கூடுதலாகவும் இன்னொன்றுக்குக் குறைவாகவும் போய்ச் சேர, உருப்படியான இனச்செல் அமைவது அபூர்வம். கருவுறாமலே காய் பருக்கும் குணமும் இதற்கு இருப்பதால் நமக்குப் பழம் கிடைக்கிறது.

விதை இல்லாததால் கன்று வைத்தே பெருக்குகிறோம். குறுக்கே கலத்தல் நடக்காததால் தோட்டமே ஒரே மரத்தின் நகல் போல. வைரஸால் வரும் முடிக்கொத்து நோய் தாக்கியபோது நம் மலை அவ்வளவு அடி வாங்கியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அந்த வைரஸ் கன்றோடும் கூடவே வரும். அதனால் தயவுசெய்து நோயுள்ள தோட்டத்துக் கன்றை வாங்காதீர்கள்.

கோவேறு கழுதை குட்டி போடாததும் இதனால்தானா? (பூம்பாறை)

ஆமாம். குதிரைக்கு 64, கழுதைக்கு 62. அதில் பாதி, இதில் பாதி சேர்ந்து கோவேறு கழுதைக்கு 63. ஜோடி சரியாக அமையாது.

எனக்கு 38 வயது, இப்போது கர்ப்பம். வயது கூடினால் டவுன் சிண்ட்ரோம் வரும் என்கிறார்களே. (பண்ணைக்காடு)

பயப்படாதேம்மா, விஷயத்தைச் சொல்கிறேன். நீ உன் அம்மா வயிற்றில் இருந்தபோதே உன் முட்டைகள் மியாசிஸைத் தொடங்கி, டிப்ளோட்டீனில் நின்றுவிட்டன. ஒவ்வொரு முட்டையும் வெளிவரும் சமயத்தில்தான் முதல் பகுப்பை முடிக்கிறது. அத்தனை வருடம் காத்திருந்ததில் ஜோடியின் பிடி தளர்ந்து, சில சமயம் 21-ஆம் குரோமோசோம் பிரியாமல் போகிறது. அப்படி ஒன்று கூடுதலாகக் குழந்தைக்கு வந்தால் அதுதான் டவுன் சிண்ட்ரோம். வாய்ப்பு 25 வயதில் ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு, 40-இல் ஏறக்குறைய நூற்றில் ஒன்று. அப்போதும் பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்தக் குறை இருப்பதில்லை. 11 முதல் 14 வாரத்துக்குள் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் உண்டு, மருத்துவரிடம் கேள். நீ சாப்பிட்டதோ செய்ததோ இதற்குக் காரணம் என்று யாராவது சொன்னால் நம்பாதே.

வெங்காய வேரில் மியாசிஸ் பார்க்கலாமா? (மாணவர், பெருமாள்மலை)

வேரில் மைட்டாசிஸ்தான் தெரியும். வெங்காயப் பூங்கொத்தில் விரியாத சின்ன மொட்டுகளை எடு. மூன்று பங்கு ஆல்கஹாலும் ஒரு பங்கு அசிட்டிக் அமிலமும் கலந்ததில் ஒரு நாள் போட்டு வை. மகரந்தப்பையை அசிட்டோகார்மைன் என்ற சாயத்தில் நசுக்கி நுண்ணோக்கியில் பார். மலர்ந்த பூவில் மகரந்தம் மட்டுமே இருக்கும். ஒரு மொட்டில் கிடைக்காவிட்டால் அடுத்த அளவு மொட்டை எடு. வெங்காயத்துக்கு 16 குரோமோசோம்கள். முதல் மெட்டாஃபேஸ் சிக்கினால் எட்டு ஜோடியையும் எண்ணிவிடலாம்.