கார் 80 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் கதவுக் கண்ணாடி ஓரத்தில் காற்று இரைகிறது. வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

முடியும். ஆனால் புது ரப்பர் வாங்குவதற்கு முன் ஒரு சுருள் மாஸ்கிங் டேப் வாங்குங்கள். நான் இதைத் தலைகீழாகச் செய்தவன். கதவு ரப்பரை முழுதாக மாற்றி, கதவை அறைந்து சாத்தும் நிலைக்கு வந்த பிறகும் அதே விசிலைக் கேட்டுக்கொண்டு ஓட்டினேன்.

கண்ணாடியை ஒட்டிக் காற்று வேகமாக ஓடும்போது வெளியே அழுத்தம் குறைகிறது. உள்ளிருக்கும் காற்று கதவின் மேல்சட்டத்தை வெளிப்பக்கம் தள்ளுகிறது. நிற்கும் வண்டியில் கச்சிதமாகப் பொருந்தும் ரப்பர், ஓடும்போது மயிரிழை விலகிவிடும். ஆகவே, தண்ணீர் பீய்ச்சிப் பார்த்தேன், ஒழுகவில்லை என்பதை வைத்து ரப்பருக்கு நற்சான்று கொடுக்காதீர்கள்.

சத்தம் வரும் கதவின் இடுக்கு, கண்ணாடியின் ஓரங்கள், பக்கக் கண்ணாடியின் (சைடு மிரர்) அடிப்பாகம் எல்லாவற்றையும் வெளியிலிருந்து டேப்பால் மூடுங்கள். ஓட்டுநர் கதவு என்றால் எதிர்ப்பக்கமாக ஏறித் தவழ்ந்துதான் இருக்கைக்கு வர வேண்டும். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், போகட்டும். ஏசி விசிறியை நிறுத்திவிட்டு, அதே சாலையில் அதே வேகத்தில் போங்கள். காது கொடுத்துக் கேட்கும் வேலையை உடன் வருபவரிடம் விடுங்கள். சத்தம் நின்றுவிட்டால், ஒவ்வொரு துண்டாக உரித்துவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். எந்தத் துண்டை உரித்ததும் சத்தம் திரும்புகிறதோ, ஓட்டை அங்கேதான்.

என் காரில் அது பக்கக் கண்ணாடி பொருத்தியிருக்கும் முக்கோண மூலை. உள்பக்கப் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால், அதன் பின்னால் இருந்த ஃபோம் பஞ்சு விரல் பட்டதும் கறுப்புத் தூளாக உதிர்ந்தது. நீர் உறிஞ்சாத பஞ்சுப் பட்டையை அளவாக வெட்டி ஒட்டினேன். அவ்வளவுதான்.

உங்கள் சோதனை கதவு ரப்பரையே காட்டினால், ஒரு காகிதத் துண்டை இடையில் வைத்துக் கதவைச் சாத்தி மெல்ல இழுங்கள். நல்ல இடத்தில் பிடித்து நிற்கும். தளர்ந்த இடத்தில் வழுக்கிக்கொண்டு வரும். ஒரு சாண் இடைவெளிக்கு ஒருமுறை இப்படிப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ரப்பரைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து, உலர்ந்ததும் சிலிக்கான் கிரீஸை மெலிதாகத் தடவுங்கள். வாசலின், வண்டிக்குப் போடும் சாதாரண கிரீஸ் இரண்டும் வேண்டாம். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் இந்த வகை ரப்பர் உப்பிக் கெட்டுவிடும். அமுங்கித் தட்டையாகிப்போன இடத்தில், உள்ளே குழலாக இருக்கும் ரப்பர் என்றால், மெல்லிய ஃபோம் பஞ்சுக் கயிற்றை நுழைத்து உப்பவைக்கலாம். கிழிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

காகிதம் எல்லா இடத்திலும் வழுக்கினால் ரப்பரைக் குறை சொல்லாதீர்கள். கதவே உள்ளே வந்து உட்காரவில்லை. தூணில் பூட்டு மாட்டும் கொக்கியைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு, திருகுகளைத் தளர்த்தி, 1 மி.மீ. மட்டும் உள்ளே நகர்த்தி இறுக்குங்கள். கோடு இருந்தால் பழைய இடத்துக்குத் திரும்ப வழி இருக்கும். மேலும் கீழும் நகர்த்திவிட்டால் கதவு பூட்டாமல் மல்லுக்கட்டும். அந்த அவதியையும் பட்டிருக்கிறேன்.

கண்ணாடி ஏறி இறங்கும் பள்ளத்தில் மண் சேர்ந்திருந்தால், கண்ணாடி கடைசி வரை ஏறாமல் நிற்கும். ஈரத் துணியை ஒரு தட்டையான குச்சியில் சுற்றித் துடைத்தால் போதும்.

சிலிக்கான் பசையைப் பிதுக்கி இடுக்குகளை அடைக்கும் யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம். கதவின் அடியில் மழைநீர் வடியச் சிறு துளைகள் உண்டு. அவை அடைந்தால் கதவு உள்ளிருந்து துருப்பிடிக்கும். சோதனை முடிந்த அன்றே டேப்பையும் உரித்துவிடுங்கள். வெயிலில் காய்ந்தால் அதன் பசை பெயின்ட்டில் ஊறி, சுரண்டச் சுரண்டப் போகாது.