போர்டு ஒண்ணாச்சு, கணக்கு இன்னும் ரெண்டுதான்

வாசகர் கடிதம்

வணக்கம் அண்ணாச்சி,

உங்க எழுத்தை ரொம்ப நாளா படிக்கிறேன், கடிதம் போடுறது இதான் மொதல் தடவை. நான் தென்மாவட்டத்துல ஒரு திருமண்டலத்தோட சமூக சேவை ஆபீஸ்ல அக்கவுண்ட்ஸ் பாக்குறேன். எங்ககிட்ட ரெண்டு ட்ரஸ்ட் இருக்கு. ஒண்ணு புயல் வெள்ளம்னா அரிசி, பாய், தார்ப்பாய் குடுக்குறது. இன்னொண்ணு மகளிர் குழு, கிணறு, தையல் கிளாஸ்னு ஓடுறது. போன மாசம் வெளிநாட்டு பார்ட்னர் ஒருத்தர் வந்து ரெண்டையும் ஒண்ணாக்கிடுங்கன்னு சொல்லிட்டுப் போனாரு. ஜெனீவாவுலயே சபைகளோட உலக அளவு நிவாரண அமைப்பையும் வளர்ச்சி அமைப்பையும் 2010-ல அப்படி ஒண்ணாக்கி ஆக்ட் அலையன்ஸ்னு வச்சாச்சு, நீங்க எதுக்கு யோசிக்கிறீங்கன்னு பிரசன்டேஷன் வேற போட்டுக் காட்டினாரு.

அந்த இணைப்பு நெசமாவே பலன் தந்துச்சா? பெரிய ஐரோப்பிய ஏஜென்சிகளுக்குள்ள நம்மள மாதிரி சின்ன சபைகள் காணாமப் போயிடாதா? சபைகள் ஒண்ணு சேர்றதுதான் நோக்கம்னா கத்தோலிக்கங்க மட்டும் ஏன் தனியா காரித்தாஸ்னு ஒரு உதவி அமைப்பு வச்சிருக்காங்க? இதுக்கு நடுவுல எங்க தெரு வாட்ஸப் குரூப்புல இதெல்லாம் மதம் மாத்துற காசுன்னு ஒருத்தர் டெய்லி போட்டுக்கிட்டு இருக்காரு. கடைசியா, எங்க ரெண்டு ட்ரஸ்டையும் சேர்க்கலாமா வேண்டாமா? பேர் போட வேண்டாம் அண்ணாச்சி, ஆபீஸ்ல பிரச்சனை ஆயிடும்.

பதில்

தம்பி,

பிரசன்டேஷன்ல தேதி சரியாத்தான் போட்டிருக்காங்க, 2010 ஜனவரி 1. ஆனா கதை அதுக்கும் முன்னாடி. உலகத் திருச்சபைகள் மன்றம், லூத்தரன் உலகக் கூட்டமைப்புன்னு ரெண்டு பெரிய அமைப்பு ஜெனீவாவுல ஒரே வளாகத்துல உக்காந்துக்கிட்டு, எங்கயாவது பூகம்பம்னா ஆளுக்கொரு பக்கமா ஓடிக்கிட்டு இருந்தாங்க. அதை ஒழுங்குபடுத்தத்தான் 1995-ல ஆக்ட் இன்டர்நேஷனல்னு ஒண்ணு வந்துச்சு, நிவாரணத்துக்கு மட்டும். அப்புறம் வளர்ச்சி வேலைக்குன்னு 2007-ல ஆக்ட் டெவலப்மென்ட்னு இன்னொண்ணு. ரெண்டுலயும் உள்ள மெம்பருங்க பெரும்பாலும் அதே ஆளுங்கதான், கிறிஸ்டியன் எய்ட், டேன்சர்ச் எய்ட், நார்வேஜியன் சர்ச் எய்ட்னு. ஒரே ஏஜென்சிக்காரங்க இதுக்கு ஒரு மீட்டிங் அதுக்கு ஒரு மீட்டிங்னு அலைஞ்சா எத்தனை நாளைக்குத் தாங்கும், மூணு வருஷம் ஓடினதும் சேர்த்துட்டாங்க. ஜான் என்டூனான்னு ஜாம்பியாக்காரர் ஒருத்தர் மொத பொதுச்செயலாளர்.

சேர்ந்து பன்னெண்டாம் நாள், ஜனவரி 12, ஹைத்தியில 7.0 அளவுக்கு பூகம்பம். புது லெட்டர்ஹெட் அடிச்சு வந்துச்சோ என்னவோ, அதுக்குள்ள போர்ட்டோ பிரின்ஸ் நகரம் தரைமட்டம். ஹைத்தியில இந்த மெம்பர் ஏஜென்சிங்க பல பேர் வருஷக்கணக்கா ஏற்கெனவே வேலை பாத்துக்கிட்டுதான் இருந்தாங்க, தண்ணி, விவசாயம், உள்ளூர் சங்கம்னு. பூகம்பம் வந்ததும் அதே ஆளுங்கதான் தண்ணி வண்டி விடணும், டென்ட் அடிக்கணும். அந்த நகரத்துக்குப் பூகம்பத்துக்கு முன்னாடியே பாதாளச் சாக்கடை கிடையாது, அவ்வளவு பெரிய ஊருக்கு. இப்ப ஒரு டென்ட் கேம்ப்ல நீங்க கக்கூஸ் கட்டுறீங்க, அது நிவாரணமா வளர்ச்சியா? அக்டோபர்ல காலரா வந்துச்சு, அதுக்கப்புறம் இந்தக் கேள்வியே கேலியா ஆயிடுச்சு. இந்த ஒரு விஷயத்துல ஜெனீவாக்காரங்க செஞ்சது நூத்துக்கு நூறு சரி. பேரிடர் வந்து முடிஞ்சாச்சு, நாளையில இருந்து வளர்ச்சின்னு எந்தக் கிராமத்துலயும் கோடு போட முடியாது.

நமக்கு ஹைத்தி வரைக்கும் போகவே வேண்டாம். 2004 சுனாமியப்ப ஆக்ட் இன்டர்நேஷனல் விட்ட அப்பீல்ல, அதாவது நிதி வேண்டுகோள்ல, இந்தியாவுல இருந்து காசா (CASA, சபைகளோட சமூக சேவை அமைப்பு), லூத்தரன் வேர்ல்ட் சர்வீஸ், லூத்தரன் சபைகளோட யுஇஎல்சிஐ எல்லாம் இருந்தாங்க. இவங்கள மட்டும் சொல்லல, அப்ப வந்து இறங்குன எல்லா அமைப்பையும் சேர்த்தே சொல்றேன், நாகப்பட்டினம் பக்கம் 2005-ல போன யாருக்கும் மறந்திருக்காது, தார் ஷீட் போட்ட தற்காலிகக் கொட்டகை, உள்ள மத்தியானம் மனுஷன் உக்கார முடியாது, வெளியில கடற்கரை முழுக்க புத்தம்புது ஃபைபர் படகு, ஒவ்வொண்ணுலயும் குடுத்த அமைப்போட பேரு பெருசா பெயின்ட் அடிச்சு. சுனாமிக்கு முன்னாடி இருந்த படகை விட அதிகமாவே வந்து சேர்ந்துச்சு. கட்டுமரத்துல கூலிக்குப் போனவர் கூட ஓனர் ஆனாரு, அது நல்லதுதானேன்னு தோணும், ஆனா கடல்ல மீன் அதே மீன்தானே. கரையில கூடையில மீன் வித்த பொம்பளைங்க, உப்பளத்துல வேலை பாத்தவங்க, உள்ளூர்ல வயல் வேலை பாத்த தலித் குடும்பங்க, இவங்க லிஸ்ட்ல வர்றதுக்குப் பட்ட பாடு தனிக்கதை. ஏன் இப்படி ஆச்சுன்னா, நிவாரணக் காசுக்கு டைம் லிமிட் உண்டு, இத்தனை மாசத்துல செலவு பண்ணிக் கணக்கு காட்டணும், படகு வாங்குறதுதான் சீக்கிரம் செலவாகுற சமாச்சாரம், போட்டோவும் நல்லா வரும். வேற தொழிலுக்கு ஆளைப் பழக்கணும்னா அஞ்சு வருஷம் ஆகும், அது வேற டிபார்ட்மென்ட், வேற காசு.

நான் சொல்ல வர்றது இதான். நிவாரணத்துக்கும் வளர்ச்சிக்கும் நடுவுல உள்ள சுவரு சபைக்குள்ள இல்ல, பணத்துல இருக்கு. இந்த சர்ச் ஏஜென்சிங்க காணிக்கையிலயும் நன்கொடையிலயும் மட்டும் ஓடுறதில்ல தம்பி, அவங்கவங்க அரசாங்கத்துக்கிட்டயும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கிட்டயும் பெரிய தொகை வாங்குறாங்க. ஒன்றியத்துல நிவாரணத்துக்கு ஒரு பிரிவு, எக்கோன்னு சொல்வாங்க, வளர்ச்சிக்கு முற்றிலும் வேற பிரிவு, வேற ஃபாரம், வேற ஆடிட். அதனால ஜெனீவாவுல போர்டு ஒண்ணாச்சே தவிர கீழ வர்ற காசு ரெண்டு குழாயிலதான் வருது. அங்க 150 கோடி டாலர் வருஷத்துக்குன்னு ஸ்லைடுல போட்டிருந்தா அதையும் நம்பி ஏமாந்துடாதீங்க, அது நூத்துக்கும் மேல உள்ள மெம்பருங்க ஒவ்வொருத்தரும் தனித்தனியா திரட்டுறதைக் கூட்டிப் போட்ட தொகை, ஜெனீவா பெட்டியில உக்காந்திருக்கிற காசு இல்ல.

பலன் தந்துச்சான்னு கேட்டீங்க. ஒரு இடத்துல நல்லாவே தந்துச்சு, நாட்டளவுல. ஒரு நாட்டுல உள்ள மெம்பருங்க எல்லாம் ஃபோரம்னு சேர்ந்து உக்காரணும், பேரிடர்னா ஒரே அப்பீல், யார் எந்த மாவட்டம்னு மொதல்லயே பேசி வச்சுக்கணும். இது காகிதத்துல சாதாரணமா இருக்கும், உங்க டேபிள்ல உக்காந்து பாத்தாத்தான் அருமை தெரியும். ஆபீஸ் ஜெனரேட்டருக்கு டீசல் போட்ட பில்லு ஒண்ணு, அதை அஞ்சு ப்ராஜெக்டுக்குப் பிரிச்சு, ஒரிஜினல் பில்லு யாருக்கு, ஜெராக்ஸ் யாருக்குன்னு மண்டையை உடைச்சு, இன்ன ப்ராஜெக்ட்ல செலவுன்னு ரப்பர் ஸ்டாம்ப் குத்தி, இங்க ஏப்ரல்-மார்ச் கணக்கு அவங்களுக்கு ஜனவரி-டிசம்பர் கணக்குன்னு மறுபடியும் பிரிச்சு, ஒவ்வொருத்தருக்கும் அவங்கவங்க ஃபார்மேட்ல ரிப்போர்ட் எழுதி... இது உங்களுக்கே தெரியும், நான் சொல்லணுமா. அஞ்சு பேருக்குப் பதிலா ஒரே அப்பீல் ஒரே ரிப்போர்ட்னா மிச்சமாகுற நேரம் ஊருக்குள்ள போற நேரம்.

ஆனா சின்ன சபை காணாமப் போயிடுமான்னு பயந்தீங்க பாருங்க, அந்த பயத்துல நியாயம் இருக்கு. நம்ம ஊர் சர்ச் அசன பண்டிகை விருந்துக்கு ரெண்டு சேகரத்துச் சபைக்காரங்க சேர்ந்து சமைக்கிறதுன்னா என்ன நடக்கும், அரிசி மூட்டை குடுத்தவர்தான் கரண்டியையும் பிடிப்பாரு, விறகு சுமந்தவன் பந்திக்குக் கடைசியில நிப்பான். அலையன்ஸ்லயும் ஓட்டுன்னு வந்தா எல்லா மெம்பருக்கும் இடம் உண்டு, பொதுச்செயலாளர் கூட மொதல்ல ஜாம்பியா, 2017-க்கு அப்புறம் பிரேசில்காரர், அதெல்லாம் சும்மா இல்ல. ஆனா அப்பீலுக்குப் பணம் போடுறது வடக்கே உள்ள ஏழெட்டு பெரிய ஏஜென்சி, எந்த அப்பீலுக்கு எவ்வளவுன்னு தீர்மானிக்கிறதும் அவங்கதான். டிவியில வந்த பேரிடர்னா பணம் பொங்கும், வராததுக்குப் பாதி கூட நிறையாது.

இது சர்ச் காரங்க பிரச்சனை மட்டும் இல்ல. 2016-ல இஸ்தான்புல்ல உலக மனிதாபிமான மாநாடு நடந்தப்ப பெரிய டோனருங்களும் ஏஜென்சிங்களும் சேர்ந்து ஒரு உறுதி குடுத்தாங்க, 2020-க்குள்ள நிவாரணப் பணத்துல 25 சதவீதம் உள்ளூர் அமைப்புகளுக்கு முடிஞ்ச வரைக்கும் நேரா போகணும்னு. 2020 வந்துச்சு போச்சு, நேரா போறது இன்னும் ஒத்தை இலக்கம், அதுலயும் கீழ்ப்பக்கம். இன்னொண்ணு, எக்கோ மாதிரி டோனருங்க நிர்வாகச் செலவுக்குன்னு 7 சதவீதம் வரைக்கும் மேல தருவாங்க, அது நடுவுல உள்ள ஏஜென்சியோட நின்னுடும், வெள்ளத்துல இறங்கி வேலை பாக்குற உள்ளூர் ஆபீஸுக்கு வாடகைக்குக் காசு இருக்காது. இதைப் பத்தி மீட்டிங்ல கேட்டா உடனே "பார்ட்னர்ஷிப்" பத்தி ஒரு அரைமணி நேரம் பேசுவாங்க, பதில் மட்டும் வராது.

கத்தோலிக்கங்க விஷயம். காரித்தாஸ் ரோம்ல இருந்து வேற மாதிரி ஓடுற அமைப்பு, ஒவ்வொரு நாட்டுலயும் ஆயர் பேரவைக்குக் கீழ. 2022 நவம்பர்ல போப் பிரான்சிஸ் ஒரே ஆணையில காரித்தாஸ் இன்டர்நேஷனலிஸ் தலைமை மொத்தத்தையும் எடுத்துட்டு தற்காலிகமா ஒரு நிர்வாகியைப் போட்டாரு. ஆக்ட்ல அப்படி ஒரு கையெழுத்து போடுற அதிகாரம் யாருக்கும் கிடையாது, அங்க மெம்பருங்க தேர்ந்தெடுக்கிற நிர்வாகக் குழுதான். ரெண்டையும் எப்படி ஒரே கூரையில வைக்கிறது? ஆனா வேலைன்னு வந்தா சேராமலும் இல்ல. நைஜீரியாவுல பயாஃப்ரா யுத்தத்தப்ப, 1968-ல இருந்து 70 ஜனவரி வரைக்கும், புராட்டஸ்டன்ட் கத்தோலிக்கம் ரெண்டும் சேர்ந்து சாவ் தோமே தீவுல இருந்து ராத்திரி ராத்திரி விமானத்துல சாப்பாட்டு மூட்டை ஏத்திட்டுப் போயி, உலின்னு ஒரு இடத்துல ரோட்டையே அகலப்படுத்தி வச்ச ரன்வேயில, லைட்டைச் சில நிமிஷம் மட்டும் போட்டு இறக்கினாங்க. அதுக்கு அலையன்ஸ் போர்டு எதுவும் மாட்டிக்கல. இப்ப 2021 ஜனவரியில நெதர்லாந்துல இக்கோ (ICCO)ங்கிற புராட்டஸ்டன்ட் உதவி அமைப்பும் கார்ட்எய்டுங்கிற கத்தோலிக்க அமைப்பும் ஒண்ணாயிட்டாங்க. ஐக்கியம் பத்தி நிறைய பேசினாங்க, ஆனா டச்சு அரசாங்கம் வருஷாவருஷம் குடுத்துக்கிட்டு இருந்த பெரிய மானியத் திட்டம் 2015-ஓட முடிஞ்சதையும் சேர்த்து வச்சுப் பாருங்க, யாரு யாரை எதுக்குத் தேடிப் போனாங்கன்னு புரியும். நான் குத்தமா சொல்லல, காசு குறைஞ்சா அண்ணன் தம்பி ஒரே வீட்டுக்கு வர்றது எங்கயும் உள்ளதுதான்.

வாட்ஸப்காரருக்கு ரொம்ப நேரம் செலவழிக்க மாட்டேன். 1994-ல செஞ்சிலுவைச் சங்கத்தோட சேர்ந்து நிவாரண அமைப்புகளுக்கு ஒரு நடத்தை விதி வந்துச்சு, அதுல மூணாவது விதியே உதவியை வச்சு மத, அரசியல் கருத்தை வளர்க்கக் கூடாதுங்கிறதுதான், அதை ஆரம்பத்துல முன்னெடுத்தவங்கள்ல உலகத் திருச்சபைகள் மன்றமும் லூத்தரன் கூட்டமைப்பும் காரித்தாஸும் உண்டு. மீறுறவங்களே இல்லன்னு சொல்லல, நம்ம ஊர்லயே அரிசிப் பைக்குள்ள துண்டுப் பிரசுரம் வச்சுக் குடுக்கிற சின்னச் சின்ன குரூப்புங்க உண்டு, ஆனா அவங்க இந்த அலையன்ஸ் ஆளுங்க இல்ல.

உங்க ட்ரஸ்டு விஷயத்துக்கு வர்றேன், இதுலதான் ஜெனீவா உதாரணம் நமக்குச் செல்லாது. 2020 செப்டம்பர்ல எஃப்சிஆர்ஏங்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தினதுக்கு அப்புறம் ஒரு பதிவு பெற்ற அமைப்பு தனக்கு வந்த வெளிநாட்டுக் காசை இன்னொரு பதிவு பெற்ற அமைப்புக்குக் கூட மாத்திக் குடுக்க முடியாது, நிர்வாகச் செலவு வரம்பும் 50-ல இருந்து 20 சதவீதமா இறங்கிடுச்சு. வெளிநாட்டுக் காசு மொதல்ல டெல்லி எஸ்பிஐ மெயின் பிராஞ்ச் அக்கவுண்டுக்குத்தான் வரணுங்கிற கதையெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. அலையன்ஸ்ங்கிறதே மேல வாங்கிக் கீழ பிரிச்சுக் குடுக்கிற ஏற்பாடுதானே, அந்த நடுவாக்குல உள்ள குழாயையே இங்க அறுத்தாச்சு. 1947-ல பிரிவினை அகதிகளுக்குன்னு ஆரம்பிச்ச காசாவுக்கே 2024-ல பதிவு ரத்து ஆச்சு, அப்ப உங்க ஆபீஸ் எந்த மூலை. ரெண்டு ட்ரஸ்டுக்கும் தனித்தனி எஃப்சிஆர்ஏ நம்பர் இருந்தா, நிவாரண ட்ரஸ்ட் அக்கவுண்ட்ல கிடக்கிற பேலன்ஸை வளர்ச்சி ட்ரஸ்டுக்குத் தூக்கிப் போட்டுட்டு போர்டை மாத்திடலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க.

அதனால பத்திரத்துல சேர்க்கிற வேலைய இப்போதைக்கு ஒதுக்கி வைங்க. வேலைய மட்டும் சேருங்க, ஒரே ஃபீல்டு டீம், ஒரே கிராமப் பட்டியல், புயல் வந்தா மகளிர் குழு அக்காமாரே யாருக்கு என்ன வேணும்னு லிஸ்ட் எடுக்கட்டும், அவங்களுக்குத் தெரியாதது ஊர்ல எதுவும் இல்ல. அப்புறமும் பார்ட்னர் வற்புறுத்தினா, சரி சேர்க்கிறோம், வழக்கறிஞர், ஆடிட்டர் செலவை யார் தர்றது, ரெண்டு ட்ரஸ்ட் ஸ்டாஃபோட பிஎஃப், கிராஜுவிட்டி பழைய சர்வீஸோட தொடருமா, உங்களுக்கு வர்ற 7 சதவீதத்துல எங்களுக்கு எவ்வளவுன்னு எழுத்துல கேட்டு ஒரு மெயில் போடுங்க. செயலாளர்கிட்ட சொல்லிட்டு, அவர் பேர்லயே போடுங்க தம்பி, உங்க பேர்ல வேண்டாம்.