துருவக் காத்துல சோபா கெமிக்கல்

கேள்வி: சார், சோபா, டிவி, ஒயர் எல்லாம் சட்டுனு தீப்பிடிக்காம இருக்க கெமிக்கல் சேக்கறாங்களே, அது வட துருவக் காத்துலயும் இருக்குன்னு படிச்சேன். அவ்ளோ தூரம் எப்படி போச்சு?

பதில்: நீங்க படிச்சது நிஜம்தான். இந்த கெமிக்கல்ல பலது பிளாஸ்டிக்கோட, சோபாவுக்குள்ள இருக்கற ஃபோமோட கெட்டியா பிணைஞ்சு இருக்கறதில்ல, சும்மா கலந்து வெச்சதுதான், அதனால வருஷக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சு ஆவியாவும் தூசியோட ஒட்டிக்கிட்டும் காத்துல ஏறிடுது, அப்புறம் காத்து கொண்டு போற இடத்துக்கெல்லாம் போய் குளிர்ல படிஞ்சிடுது.

முன்னாடி புரோமின் கலந்த பிபிடிஇ (PBDE)ங்கற வகைதான் அதிகம். துருவக் கரடியோட கொழுப்புலயே அது இருந்துச்சு, நினைச்சாலே மனசு கஷ்டமா இருக்கு. சீக்கிரம் சிதையாத நச்சு கெமிக்கல்கள ஒழிக்க, கட்டுப்படுத்த நாடுகள் போட்ட ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையோட பட்டியல்ல, 2009-ல அதுல சில வகைய சேத்தாங்க, டெக்காங்கற இன்னொரு வகைய 2017-ல. சரி, பிரச்சனை முடிஞ்சுதான்னா இல்ல.

அதுக்கு பதிலா வந்த ஆர்கனோபாஸ்பேட்னு பாஸ்பரஸ் உள்ள கெமிக்கல் இருக்கே, பிளாஸ்டிக்க வளையற மாதிரி ஆக்கவும் இதையே போடறாங்க, வட துருவப் பகுதியில இருக்கற கனடாவோட அலெர்ட், நார்வேயோட ஸ்வால்பார்ட் மாதிரி இடங்கள்ல காத்த அளந்தா பழசவிட இது பல மடங்கு அதிகமா வருது. அதுலயும் குளோரின் உள்ள வகை சீக்கிரம் சிதையாது. எல்லாமே தூரத்துல இருந்து வந்ததுன்னும் சொல்லிட முடியாது, அங்க இருக்கற கட்டடம், விமானத்தோட ஹைட்ராலிக் ஆயில் இதுல இருந்தும் கொஞ்சம் சேரும். ஒன்ன தடை பண்ணிட்டு அதே வேலைக்கு இன்னொன்ன சரியா சோதிக்காம கொண்டு வர்றதத்தான் நான் பெரிய தப்பா பாக்கறேன்.